மடி க்ரீக் எப்ப ஓடும்? யூட்டா பாலைவனத்தில கயாக் பிளான்

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பொடியன், பெப்ரவரி 3

சொந்த ஊர் மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலை, இப்ப சால்ட் லேக் சிட்டியில படிக்கிறன். மச்சான் ரொறன்ரோவில இருந்து மே 9 வாறான், 14 போறான், டிக்கெட் எடுத்தாச்சு. சான் ரஃபாயெல் ஸ்வெல் எண்ட இடத்தில மடி க்ரீக் எண்டு ஒரு ஓடை, அதுக்குள்ள ஷூட் எண்டு ஒரு ஒடுக்கமான பள்ளத்தாக்கு, காத்தடிக்கிற கயாக்கில ரெண்டு பேரும் இறங்குவம் எண்டு பிளான். வாவியில தோணி, கயாக் எல்லாம் சின்ன வயசில இருந்து ஓட்டினதுதான், நல்லா நீந்துவம். அந்த அஞ்சு நாளில எந்த நாள் நல்லம்? சாமான் என்னென்ன வேணும்? போன ஆக்கள் சொல்லுங்க.

பெப்ரவரி 4

பதில்: டிக்கெட்ட முதல் எடுத்துட்டு தண்ணிய மறுகா தேடுறயள். தம்பி, மே 9க்கு அந்த ஓடை ஓடும் எண்டு உனக்கு ஆரு சொன்ன?

நான் லோகனில யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில நீர்ப்பாசனம் படிக்கக்குள்ள அந்தப் பக்கம் அலைஞ்சவள், ஷூட்டுக்குள்ளயும் இறங்கினவள், அதால சொல்லுறன். எந்த நாள் நல்லம் எண்டு இப்ப ஆராலயும் சொல்ல ஏலாது. அது ஆறு இல்ல. வசாட்ச் பீடபூமியில குளிருக்கு விழுந்த பனி உருகி எமரி எண்ட சின்ன ஊரைத் தாண்டி, ஸ்வெல்லை அறுத்துக்கொண்டு போய், ஹேங்க்ஸ்வில் கிட்ட ஃப்ரீமொன்ட் ஆத்தோட சேரும். சேர்ந்த பிறகு அதுக்குப் பேர் டர்ட்டி டெவில். 1869ல கொலராடோவில படகில வந்த பவல் எண்ட ஆய்வுப் பயணிட ஆக்கள் அந்தத் தண்ணிட நாத்தத்தைப் பார்த்துட்டு வச்ச பேர். அந்தாளுக்கு ஒரு கைதான், அமெரிக்க உள்நாட்டுப் போரில ஷைலோ சண்டையில மத்தது போச்சு, ஒரு கையோட கொலராடோவை இறங்கினவர். அது கிடக்கட்டும்.

பனி உருகுற நேரம் மட்டும்தான் படகு மிதக்கும். மே நடுவில இருந்து ஜூன் தொடக்கம் மட்டும் எண்டு பொதுவா சொல்லுவாங்க. சில வருஷம் கிழமைக்கணக்கில ஓடும், சில வருஷம் ரெண்டு மூணு நாள் எட்டிப் பார்த்துட்டு போயிரும், சில வருஷம் வராமலே விட்டுரும். மிச்ச நாளில கணுக்கால் தண்ணியில ஆக்கள் நடந்து போற பாதை அது.

மச்சான்ட டிக்கெட்ட மாத்த ஏலுமா எண்டு முதல் கேள்.

பெப்ரவரி 4, இரவு

கேட்டயாம், மாத்த ஏலாதாம். சரி. அப்ப இப்பவே ரெண்டாவது பிளான் ஒண்டு வச்சிரு, அதை மறுகா எழுதுறன். புள்ளைக்கு நாளைக்கு பரீட்சை.

பெப்ரவரி 8

சாமான் லிஸ்ட் கேட்டான். லிஸ்ட் எல்லாம் கடைக்காரன் தருவான். நான் கையில பிடிச்சு வேணும் எண்டு நிக்கிறது இவ்வளவும்தான்: ஹெல்மெட், ஆத்துக்குரிய லைஃப் ஜாக்கெட் (வாவிக் கரையில தாற மஞ்சள் பஞ்சு இல்ல, இறுக்கிக் கட்டினா தலையால உருவ ஏலாததா இருக்கணும்), விசில், மடக்கு வாள், எறியிற கயிறு, வெட்சூட், பழைய சப்பாத்து. வெட்சூட் எதுக்கு பாலைவனத்தில எண்டு கேட்பாய். வெயில் பாலைவனத்து வெயில்தான், ஆனா தண்ணி நேத்து பனியா இருந்தது. மேல வேர்க்கும், இடுப்புக்குக் கீழ விறைக்கும். ஷூட்டுக்குள்ள வெயிலும் விழாது. பல்லு கிட்டக் கிட்டத்தான் நான் அதுக்குள்ளால போனன், கூட வந்த அமெரிக்கப் பொடிச்சி சிரிச்சுக்கொண்டே இருந்தாள், அவள் வெட்சூட் போட்டிருந்தாள்.

வாள் எதுக்கு எண்டு கேட்காத, மரக்கட்டை பத்தித் தனியா எழுதுவன்.

பெப்ரவரி 11

கீழ ஒராள் எழுதியிருக்கார், "ஓடையில 100 கன அடி எண்டா உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் தண்ணி, இதுக்கு ஹெல்மெட்டா" எண்டு. நல்ல கேள்வி அண்ணன், பகிடியாக் கேட்டாலும் நான் வடிவாவே சொல்லுறன்.

100 கியூசெக் எண்டா செக்கனுக்கு 100 கன அடி. நம்ம கணக்கில 2,800 லீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு செக்கனும் கிட்டத்தட்ட 2.8 தொன் தண்ணி உங்களத் தாண்டிப் போகுது. 10,000 லீட்டர் பவுசர் ஒண்டை நாலு செக்கனுக்குள்ள காலி பண்ணுற வேகம். இது 20 மீட்டர் அகலத்துக்குப் பரந்து போனா கால் நனைச்சுக்கொண்டு மீன் பிடிக்கலாம். அதே தண்ணி ரெண்டரை மீட்டர் இடைவெளிக்குள்ள புகுந்தா என்ன நடக்கும் எண்டு யோசியுங்க. ஷூட்டில சில இடத்தில துடுப்பைக் குறுக்க பிடிச்சா ரெண்டு நுனியும் ரெண்டு பக்கச் சுவரிலயும் தட்டும்.

சயன் நஷனல் பார்க்கில நேரோஸ் எண்டு இதே மாதிரி ஒடுக்கம் இருக்கு, வேற ஆறு, வர்ஜின். அங்க 150 கன அடி தாண்டினா நடக்கிற ஆக்களை உள்ள விடமாட்டாங்க. 150தான்.

மத்தது, தண்ணிட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற பலம் நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தில படிச்சதுதான் எல்லாரும். 2024 நவம்பர் 26 காரைதீவு மாவடிப்பள்ளி ரோட்டில மதரசாப் பிள்ளைகள் ஏறின உழவு மெஷினை வெள்ளம் ரோட்டால தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்த ஊர்க்காரங்க நாங்க. அந்த ரோட்டில தண்ணி ஆள் உயரத்துக்கு நிக்கல்ல. ஓடின தண்ணி அது. வாய்க்கால் தண்ணி எண்டு சொல்லாதீங்க அண்ணன்.

பெப்ரவரி 12

கோவிக்கல்ல. ஹெல்மெட் போடுங்க.

பெப்ரவரி 26

பொடியன் ஸ்னோடெல் கிராஃப் அனுப்பியிருக்கான். நல்லம், இதைத்தான் பார்க்கணும். அறியாதவங்களுக்கு: அமெரிக்காக்காரன் மலை முழுக்க தராசு மாதிரி ஒரு சாமான் வச்சிருக்கான், மேல விழுற பனிட நிறையை அது அளந்து, உருகினா எத்தனை அங்குலத் தண்ணி எண்டு தன்ட பாட்டில அனுப்பிக்கொண்டிருக்கும். வெறும் பனி உயரம் பார்த்துப் பிரயோசனமில்ல, புதுப் பனி பஞ்சு, பழசு கல்லு.

ஏப்ரல் தொடக்கத்தில அந்தக் கோடு உச்சிக்குப் போய் மறுகா விழத் தொடங்கும். நீ பார்க்கவேண்டியது உச்சி எவ்வளவு எண்டதும், விழுகிற சரிவு எப்பிடி எண்டதும். மெதுவாச் சரிஞ்சா ஓடையில கொஞ்சம் கொஞ்சமா கன நாளைக்கு வரும், செங்குத்தா விழுந்தா ஒரு கிழமை பெரிசா ஓடி முடிஞ்சிரும். பாலைவனத்துப் புழுதி காத்தில போய் பனிக்கு மேல படிஞ்சா பனி ஊத்தையாகி வெயிலைக் குடிக்கும், கெதியா உருகிரும். இதுவும் ஒரு கணக்கு. போன மாரி, மன்னிக்கணும், போன ஃபோலில, இலையுதிர் காலத்தில, நிலம் காய்ஞ்சு கிடந்திருந்தா உருகிற தண்ணில ஒரு பங்கை நிலம் குடிச்சிரும், ஓடைக்கு மிச்சம்தான்.

உன்ட கோடு நடுத்தரத்துக்குக் கீழ கிடக்கு தம்பி. மார்ச்சில ஒரு நல்ல பனி விழாட்டி கஷ்டம்.

மார்ச் 9

படகு. டக்கி எண்டு சொல்லுற காத்தடிச்ச கயாக் வாங்குறதா, பேக்ராஃப்ட் எண்ட சின்னக் காத்துப் படகு வாங்குறதா எண்டு கேட்டிருந்தான். எனக்கு டக்கிதான் பிடிக்கும், கல்லில இடிச்சா துள்ளும், ஏறி இருக்கவும் லேசு. ஆனா தண்ணி குறைஞ்சா இழுக்கோணும். இழுக்கிறது எண்டா வாவியில களப்பு வத்தினா தோணியை மரக்கோலால தள்ளுற மாதிரி சொகுசு இல்ல, ஈரக் கயாக் 15, 20 கிலோ, அதுக்குள்ள தண்ணிக் கேன், சாப்பாடு, ஒவ்வொரு கல்லுத்திட்டிலயும் இறங்கி, இழுத்து, ஏறி, பத்து யார் போய் மறுகாவும் இறங்கி. பேக்ராஃப்ட் மூணு கிலோ, தோளில போட்டுக்கொண்டு நடந்திரலாம். தண்ணி சந்தேகமான வருஷத்துக்கு பேக்ராஃப்ட். இந்த வருஷம் அப்பிடித்தான் போல கிடக்கு. அதோட ரெண்டு பேருக்கு ஒரு டக்கி வேண்டாம், ஆளுக்கு ஒண்டு. மச்சானும் மச்சானும் ஒரு படகில ஏறினா யாரு சொல்லுறதை யாரு கேக்கிறது எண்டதிலயே கரையில மோதுவயள்.

துடுப்பு நீளம் 220 சென்டிமீட்டர் வாங்கிராத. மேல சொன்ன சுவர் கதை.

மார்ச் 10

"சவள் போதாதா" எண்டு கேட்ட குறும்புக்கார ஆளே, வாவியில தோணிக்குச் சவள் போட்டுப் பழகின கைக்கு கயாக் துடுப்பு ஒரு நாளில பிடிபட்டிரும். பிரச்சினை கை இல்ல, கண்.

மார்ச் 11

நேத்து ஒத்த வரியில எழுதிட்டன், அதைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு மூணு பேர் சண்டைக்கு வந்திருக்கிறயள். விரிச்சு எழுதுறன். கண் எண்டது ஓடுற தண்ணியைப் பார்த்துப் புரிஞ்சுகொள்ளுறது.

வாவித் தண்ணி நிக்கிற தண்ணி. காத்துத்தான் உங்களத் தள்ளும். கச்சான் காத்துக்கு எதிரா வாவிட மேற்குப் பக்கம் படுவான்கரைக்கு ஓட்டிப் போன ஆளுக்கு நெஞ்சுரம் இருக்கும், தோளில பலம் இருக்கும், அதை நான் இல்லை எண்டல்ல. ஆனா அங்க படகை விட்டுட்டு யோசிக்கலாம். ஓடுற தண்ணியில யோசிக்க நேரம் இல்ல, நீ யோசிக்க முதல் அது உன்னக் கொண்டுபோய் வளைவிட வெளிப்பக்கச் சுவரில சேர்த்திரும். எல்லா வளைவிலயும் வேகமான தண்ணி வெளிப்பக்கத்தால போகும், மரக்கட்டை அடைச்சுக் கிடக்கிறதும் அந்தப் பக்கம்தான். அதால வளைவு வர முதலே உள்பக்கம் பிடிக்கணும். கல்லுக்குப் பின்னால தண்ணி மேல்நோக்கித் திரும்பி ஓடும், எடி எண்டுவாங்க, அதுக்குள்ள மூக்கை விட்டா படகு தானாக் கிறுகி நிண்டிரும், அதுதான் ஓடையில பிரேக். உள்ள போகக்குள்ளயும் வெளிய வரக்குள்ளயும் எந்தப் பக்கம் சரியணும் எண்டு உடம்புக்குத் தெரியணும், பிழையான பக்கம் சரிஞ்சா அந்த செக்கனே கவிழும்.

இலங்கையில இதைப் பழக ஒரு இடம் எண்டா கித்துல்கல, களனி ஆறு. வழிகாட்டிட ராஃப்டில இருந்து கத்திட்டு வாறது பழகினதாகாது, ஒத்தைக் கயாக்கில இறங்கணும். பொடியன் அங்க இருக்கிறதால மோஅப் டெய்லி எண்டு கொலராடோ ஆத்தில ஒரு துண்டு இருக்கு, அகலம், சின்ன அலை, ரோடு பக்கத்தால போகுது. ஏப்ரலில அங்க போய் வேணுமெண்டே கவிழ்ந்து ஏறிப் பழகு. சால்ட் லேக்குக்குக் கிட்ட ப்ரோவோ ஆறும் இருக்கு.

மார்ச் 24

மரக்கட்டை.

வெள்ளம் வரக்குள்ள மேல இருந்து கொட்டன்வுட் மரத்தை வேரோட கொண்டுவந்து ஒடுக்கத்துக்குள்ள செருகிட்டுப் போயிரும். ஷூட்டுக்குள்ள நிமிர்ந்து பார்த்தா தலைக்கு எத்தனையோ உயரத்துக்கு மேல ரெண்டு சுவருக்கும் குறுக்க மரம் சிக்கிக் கிடக்கும். ஆரும் ஏணி வச்சு வைக்கல்ல அதை. நான் பார்த்துட்டு கொஞ்ச நேரம் கதைக்கல்ல, கூட வந்ததுகளும் கதைக்கல்ல. படகுட அடியில மணல் உரசிக்கொண்டு போற சத்தம் மட்டும் கேட்டுது, ஸ்ஸ்ஸ் எண்டு, தண்ணிக்குள்ள அவ்வளவு மணல். காதை ரப்பரில வச்சா இன்னும் வடிவாக் கேட்கும். சுவர் ஒரு இடத்தில வெண்ணெய் வெட்டின மாதிரி வழுக்கல், கை வைக்க ஒரு பிடி இல்ல, கரை எண்டு ஒண்டு இல்ல, நிப்பாட்டணும் எண்டா அடுத்த வளைவில கல்லுத்திட்டு இருக்கணும் எண்டு நேர்ந்துகொள்ளவேண்டியதுதான்.

மேல கிடக்கிற மரம் ஒண்டும் செய்யாது. தண்ணி மட்டத்தில கிடக்கிறதுதான் எமன். தண்ணி கிளைக்குள்ளால போயிரும், ஆள் போக ஏலாது, ஆளை அதில வச்சு அழுத்திக்கொண்டே இருக்கும், நீச்சல் தெரிஞ்சா என்ன தெரியாட்டி என்ன. அதால, முன்னால தெரியாத வளைவு எண்டா முதல் ஆள் மட்டும் போறது, திட்டில ஏறி நிண்டு விசில் அடிச்ச பிறகு மத்தவர். கட்டை தெரிஞ்சா இறங்கி சுமந்து தாண்டுறது. இறங்க இடமில்லாம மோதத்தான் போறன் எண்டு தெரிஞ்சா படகை விட்டுட்டு கட்டைக்கு மேல பாயணும், நெஞ்சைக் கொண்டு ஏறணும், கீழால போகலாம் எண்டு நினைக்கவே கூடாது.

மடக்கு வாள் இதுக்குத்தான். விழுந்த கிளையை வெட்ட இல்லாட்டி ஆளை எடுக்க.

மார்ச் 31

மழை வந்தா என்ன செய்யுற எண்டு மச்சானே கனடாவில இருந்து கேட்டிருக்கார். வாங்க மச்சான், வந்ததே சந்தோசம்.

பாலைவன வெள்ளம் நம்ம மாரி வெள்ளம் மாதிரி இல்ல. நம்ம வெள்ளம் சொல்லிட்டு வரும், குளம் நிரம்பி, வான் பாய்ஞ்சு, வயல் மூடி, ரோட்டுக்கு ஏற ஒரு நாள் ரெண்டு நாள் எடுக்கும். 2011 தையில படுவான்கரை முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்தப்ப நாங்க சாமானைப் பரணில ஏத்த நேரம் இருந்தது. அங்க நிலம் பாறையும் களியும், செடி இல்ல, விழுந்த மழை ஒரு சொட்டும் ஊறாது, அப்பிடியே ஓடும். மழை விழுந்த இடம் பல மைலுக்கு அங்கால, உன்ட தலைக்கு மேல நீல வானம். 1997 ஓகஸ்ட் 12 அரிசோனாவில அன்டிலோப் கென்யனில அப்பிடித்தான் 11 பேர் செத்தாங்க. 2015 செப்டம்பர் 14 சயனில கீஹோல் கென்யனில ஏழு பேர்.

இதெல்லாம் ஜூலையில இருந்து செப்டம்பர் மட்டும் வாற இடிமழைக் காலம், மே மாசத்தில அவ்வளவு பயமில்ல. பயமில்ல எண்டா வராது எண்டு இல்ல. போற அண்டைக்குக் காலமை வானிலை அறிவிப்பை நீ நிக்கிற இடத்துக்குப் பார்க்காத, மேல பீடபூமிக்குப் பார். தண்ணிட நிறம் திடீரெண்டு மாறினா, குச்சியும் நுரையும் மிதந்து வந்தா, நேரம் பார்க்காம உயரத்துக்கு ஏறு. ஷூட்டுக்குள்ள ஏற இடமில்ல எண்டதுதான் கதை, அதால சந்தேகம் இருந்தா உள்ள போகாத.

ஏப்ரல் 6

பாதை பத்தி ஒருத்தரும் கேட்கல்ல, எனக்கு அதுதான் பெரிய கரைச்சலா இருந்தது.

டாம்சிக் பியூட்டில இறங்கி ஹிடன் ஸ்ப்ளெண்டரில ஏறுறது, ஓடையால கிட்டத்தட்ட 15 மைல். ரோட்டால அதைவிடக் கூட, முழுக்க மண் ரோடு. ஒரு வாகனத்தைக் கீழ விட்டுட்டு மத்ததில மேல வரணும், மறுகா கீழ இருந்து மேல போய் மற்றதை எடுக்கணும். அந்த மண் களிமண். காய்ஞ்சா சிமெந்து, நனைஞ்சா நம்ம வயல் களிதான், டயரில ஒட்டி மட்காட் வரைக்கும் ஏறி வண்டி நிண்ட இடத்திலயே சறுக்கும். மழை பெய்தா காயிற வரைக்கும் அங்கதான் கிடை. அதால ஓடைக்கு ஒரு நாள் போதும் எண்டாலும் சாப்பாடும் தண்ணியும் மேலதிகமா வண்டியில கிடக்கட்டும். போன் சிக்னல் இல்ல. இழுக்கிற வண்டிக்காரன் பசுமாட்டு விலை கேட்பான்.

ஹிடன் ஸ்ப்ளெண்டர் எண்ட பேர் வடிவா இருக்கு எண்டு யோசிப்பயள், அது யுரேனியம் சுரங்கம். 1950களில அணுகுண்டுக்கு யுரேனியம் தேடி ஊரே பித்துப் பிடிச்சு அலைஞ்ச காலம், வெர்னன் பிக் எண்டு ஒராள் ஒத்தையில திரிஞ்சு கண்டுபிடிச்சு 1954ல 90 லட்சம் டொலருக்கு வித்துட்டார். வாங்கின ஆள் ஃப்ளாய்ட் ஓட்லம், பெரிய பணக்காரன், எதிர்பார்த்தது கிடைக்கல்ல. அங்க இப்பவும் மண்ணில ஒரு சின்ன விமான ஓடுபாதை கிடக்கு. பிளேனில வந்து இறங்கிற ஆக்களும் இருக்காங்க, நமக்கு அந்த வசதி இல்ல.

அந்த நிலம் அரசாங்கத்து நிலம், பிஎல்எம் எண்ட நில நிர்வாகத் திணைக்களம் பார்க்குது. 2019ல டிங்கெல் சட்டம் வந்து மடி க்ரீக் பக்கத்தை வில்டர்னஸ், அதாவது பாதுகாத்த காட்டு நிலம், எண்டு அறிவிச்சிட்டாங்க. கொண்டுபோன குப்பையெல்லாம் திரும்பிக் கொண்டு வரணும். எல்லாம் எண்டா எல்லாம், பையில கட்டி. முகத்தைச் சுளிக்காதீங்க.

ஏப்ரல் 7

குடிதண்ணி விட்டுப்போச்சு. ஓடைத்தண்ணி குடிக்காத. மணல் ஒரு பக்கம், பழைய சுரங்கம் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். ஆளுக்கு நாலு லீட்டராவது ஒரு நாளைக்கு சுமந்துகொண்டு போ.

ஒரு அவசரத்துக்கு எண்டா பனி உருகுற ஆத்தில படகு ஓட்டுறவங்க வாளியில தண்ணி அள்ளி படிகாரம் போட்டுக் கலக்கிவச்சிட்டுப் படுப்பாங்க, விடியக்குள்ள களி அடியில இறங்கிக் கிடக்கும், மேல் தண்ணியை வடிச்சு பில்டர் பண்ணுவாங்க. நான் அதைப் பார்த்துட்டு எங்கட அம்மம்மா தேத்தாங்கொட்டையைச் சட்டியில உரசிக் கிணத்துத்தண்ணி தெளிய வச்ச கதையைச் சொன்னன், ஒருத்தனும் நம்பல்ல. அடுத்த முறை ஊருக்கு வந்து திரும்பக்குள்ள அஞ்சாறு கொட்டை கொண்டுபோய்க் காட்டினன், கண்ணாடிக் கிளாசில. மறுகாதான் வாய் மூடினாங்க. ஆனா கொட்டையோ படிகாரமோ மணலைத்தான் இறக்கும், கரைஞ்சு கிடக்கிறதை எடுக்காது, அதால சுரங்கத்துக்குக் கீழ எண்டா அதுவும் வேண்டாம்.

ஏப்ரல் 15

இந்த இழை எங்கயோ போகுது. "நம்ம ஊரிலயும் மாரிக்கு உன்னிச்சை வான் கதவு திறந்தா கீழ பாயிற தண்ணியில கயாக் விடலாம்தானே, ஏன் அமெரிக்கா" எண்டு அம்பாறைப் பக்கத்துத் தம்பி ஒருத்தர்.

வேண்டாம். வடிவாக் கேளுங்க. வான் கதவுக்குக் கீழயும், கலிங்குக்குக் கீழயும், அணைக்கட்டுக்குக் கீழயும் தண்ணி நேரா விழுந்து அடிக்குப் போய் மேல எழும்பி திரும்பவும் கட்டுப் பக்கமே வரும். அதுக்குள்ள போன சாமான் சுத்திக்கொண்டே கிடக்கும். தேங்காய்க் கோம்பை விழுந்து சுத்துறதைப் பார்த்திருப்பயள், ஒரு மணித்தியாலம் நிண்டு பார்த்தாலும் அது வெளிய வராது. உலகம் முழுக்க படகுக்காரங்களை அதிகமாக் கொல்லுறதில இதுவும் ஒண்டு, பார்த்தா ஒரு அடி உயரக் கட்டுத்தான், சத்தமும் இருக்காது. பாறைக்குப் பின்னால சுழி எண்டா பக்கவாட்டில ஒரு வழி இருக்கும், கட்டு கரைக்குக் கரை நேரா இருக்கிறதால பக்கமும் இல்ல. லைஃப் ஜாக்கெட்டும் உதவாது.

அதோட முதலை, யானை, கம்பி வேலி. வெள்ளத்துக்குக் கம்பி வேலி தண்ணிக்குக் கீழ போனா மரக்கட்டையை விட மோசம்.

நம்ம பக்கம் கயாக் எண்டா வாவி இருக்கு, 56 கிலோமீட்டர் நீளம், போதாதா? பொத்துவில் களப்பு இருக்கு. மாரி முடிஞ்சு தண்ணி இறங்கினாப்போல முந்தனையாத்துப் பக்கம் மெதுவா மிதந்து போகலாம், முதலையைக் கேட்டுட்டு.

ஏப்ரல் 22

முதல் பனிக் கிராஃப் பத்தித்தான் எழுதினன், ஓடையில எவ்வளவு தண்ணி ஓடுது எண்டு அளக்கிற கேஜ் பத்திச் சொல்லாம விட்டுட்டன், அதில ஒரு வில்லங்கம் கிடக்கு. யூஎஸ்ஜிஎஸ் எண்ட அமெரிக்க அரசாங்க நில ஆய்வு நிறுவனம் காட்டுற அளவு எமரி ஊருக்கு மேல. அதுக்குக் கீழ வயல்காரர் வாய்க்காலால எடுக்கிறாங்க. கேஜ் 200 கன அடி காட்டினா ஷூட்டில 200 வரும் எண்டு நினைக்காத. மே மாசம் அவங்களுக்குப் புல்லுக்குத் தண்ணி பாய்ச்சுற நேரம், முதல் உரிமை அவங்களுக்குத்தான், கயாக்காரனுக்கு மிச்சம். நம்ம ஊரில எண்டா பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில போய் குந்திக்கொண்டு வாய்க்கால் தண்ணி பார்க்கிற வட்டவிதானையைக் கேட்டுரலாம் எத்தனையாம் திகதி வாய்க்கால் திறப்பு எண்டு. அங்க எமரி வட்டவிதானையை எங்க தேடுற?

இன்னொண்டு. பனி மத்தியானத்துக்குப் பிறகுதான் நல்லா உருகும், அந்தத் தண்ணி கீழ வந்து சேர ராவாயிரும், சில இடத்துக்கு விடியும். கிராஃபைப் பெரிசாக்கிப் பார்த்தா ஒவ்வொரு நாளும் ஒரு ஏற்றம் ஒரு இறக்கம், வாள் பல்லு மாதிரி. பின்னேரம் கேஜில உச்சி எண்டா ஷூட்டுக்கு எப்ப அந்த உச்சி வரும் எண்டு பார்த்து காலமை இறங்கணும். மிதக்கிறதுக்கும் இழுக்கிறதுக்கும் இடையில கிடக்கிற வருஷத்தில இந்த ஒரு ஏற்றத்தில ஏறித்தான் போகவேண்டி வரும்.

நான் போறது எண்டா கேஜில 200க்கு மேல நாலஞ்சு நாள் நிண்டாத்தான் புறப்படுவன், 400 தாண்டினா வீட்டில சோறு சமைப்பன். மத்த ஆக்கள் வேற கணக்குச் சொல்லுவாங்க, அவங்க தைரியம் அவங்களுக்கு.

மே 2

பொடியன்ட கேஜ் கிராஃப் பார்த்தன். குளிர் திரும்பியிருக்கு, கோடு தரையோட படுத்துக் கிடக்கு. ஒரு கிழமையில அது ஒழும்பாது தம்பி. மச்சானுக்காகச் சொல்லுறன், மடி க்ரீக்கை இந்த முறை மறந்திரு.

நான் பெப்ரவரியில சொன்ன ரெண்டாவது பிளான் இதுதான். சான் ரஃபாயெல் ஆறு, லிட்டில் கிராண்ட் கென்யன். அதே ஸ்வெல், கொஞ்சம் வடக்கால. ஹன்டிங்டன், கொட்டன்வுட், ஃபெர்ரன் எண்டு மூணு ஓடை சேர்ந்து வாற தண்ணி. மேல ஜோஸ் வேலி மாதிரி நீர்த்தேக்கங்கள் இருக்கிறதால ஓட்டம் வேற மாதிரி, மடி செத்துக் கிடக்கிற நேரத்தில இதில கொஞ்சம் இருக்கச் சாத்தியம் இருக்கு. அதுட கேஜையும் பார். ஃபுல்லர் பாட்டமில இறங்கி பழைய தொங்கு பாலத்தடியில ஏறுறது. வெண்நுரை எல்லாம் இல்ல, சின்னச் சின்னக் கல்லுத் தண்ணி, ஆனா ரெண்டு பக்கமும் சுவர் எழும்பி நிக்கிறது மடியைவிட உயரம், ஒடுக்கம் இல்லாததால நிமிர்ந்து முழுசாப் பார்க்கலாம். மச்சான்மாருக்கு அது காணும்.

பாலத்தைத் தவறவிட்டுராத. அதுக்குக் கீழ போனா பிளாக் பொக்ஸ் எண்டு ரெண்டு பள்ளத்தாக்கு, அது உங்கட வேலை இல்ல, என்ட வேலையும் இல்ல.

மே 3

"இவ்வளவும் எழுதிட்டு கடைசியில போகாத எண்டுறயளே அக்கா" எண்டு மச்சான். ஓம்.

மே 15

பொடியன் படம் போட்டிருக்கான். மூக்கு மட்டும் தோல் உரிஞ்சு கிடக்கு மச்சானுக்கு. பத்து இடத்தில இழுத்தாங்களாம், ஒரு இடத்தில மச்சான் சேத்தில இடுப்பு மட்டும் இறங்கி சப்பாத்து ஒண்டை அந்த ஆத்துக்குக் காணிக்கை குடுத்துட்டு வந்திருக்கார். நுளம்பு கடி ஊரைவிட மோசமாம். கோழிப் புக்கை சமைச்சுச் சாப்பிட்டாங்களாம் ராவைக்கு, பாலைவனத்தில.

மே 21

ஆ, இப்ப கோடு ஒழும்பிட்டுது. மச்சான் போய் ஒரு கிழமை. பல்கலைக்கழக கயாக் கிளப்பில மூணு பேர் மடிக்குப் போறாங்க, தானும் போகட்டா எண்டு கேட்கிறான். அதில ஒராள் முன்னம் போனவராம், கயிறு எறியப் பயிற்சி எடுத்தவராம். ஏப்ரலில மோஅப்பில நீ கவிழ்ந்து எழும்பினதையும் பார்த்தன்.

போ. நாலு பேர், நாலு படகு, முன்னம் போனவர் முன்னால. வெளிய வாற நேரத்தை ஒராளுக்குச் சொல்லிட்டுப் போ, எத்தனை மணிக்குப் பிறகு தேட ஆளனுப்பணும் எண்டும் சொல்லு. கார் ரெண்டுலயும் தண்ணி வை.

மே 21, கொஞ்சம் பிந்தி

இன்னொண்டு. கீழ ஹிடன் ஸ்ப்ளெண்டரில விடுற கார்ட சாவியை மேல விடுற காருக்குள்ள வச்சிட்டு ஓடையில இறங்கிராத. எல்லாரும் ஒருக்காவாவது செய்யுற வேலை அது. சாவியைக் கயிறால கட்டி லைஃப் ஜாக்கெட் பொக்கட்டில வச்சு சிப்பை இழுத்து மூடு.

மே 24

போய் வந்துட்டாங்க, எழுதச் சொன்னன், நித்திரையாம். அவன் சொன்னதில மத்தவங்களுக்குப் பிரயோசனமானது: ஷூட் தொடங்கி ரெண்டாவது பெரிய வளைவுக்குப் பிறகு தண்ணி மட்டத்தில புதுசா ஒரு மரம், இடப்பக்கத் திட்டில இறங்கிச் சுமக்க இடம் இருக்கு, வளைவுக்கு முதலே இடப்பக்கம் ஒட்டணும். பிந்திப் போறவங்க அது அப்பிடியே கிடக்கும் எண்டு நம்பிப் போகாதீங்க.

எஸ்கலான்டே ஆறு பத்திக் கேட்ட தங்கச்சி, அதுக்குத் தனியா ஒண்டு தொடங்குங்க, இதுக்குள்ள கலக்க வேண்டாம்.